வானம் வெளுக்கிறது, நிலம் இருள்கிறது: இயற்கைக்காட்சிக்கு எக்ஸ்போஷரை எங்கிருந்து பழகத் தொடங்குவது?

"கேமரா வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அதோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் மட்டும்தான் கையில் இருக்கிறது. அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ பற்றியெல்லாம் படித்துவிட்டேன். ஆனால் ஒரு மலைக்கு எதிரே போய் நின்றால் எதை எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. ஆட்டோவில் எடுத்தால் ஒன்று வானம் வெளுத்துப்போகிறது, இல்லையென்றால் நிலம் இருண்டுபோகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் படித்ததில் தவறில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பார்ப்பதுதான் குழப்புகிறது. ஓடுகிற குழந்தையைப் படம் எடுப்பவருக்கு மூன்றும் நொடிக்கு நொடி மாற வேண்டியிருக்கும். மலையும் வயலும் அசையாமல் நிற்கின்றன. அதனால் இயற்கைக்காட்சியில் மூன்றில் இரண்டைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம்: லென்ஸ் துவாரத்தின் அளவான அபெர்ச்சர் எஃப்/8, ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ 100. மிச்சம் இருப்பது ஷட்டர் வேகம், அதாவது ஒளி எவ்வளவு நேரம் உள்ளே விழுகிறது என்பது. டயலை 'ஏ' அல்லது 'ஏவி' என்ற இடத்துக்குத் திருப்பினால் அதைக் கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு எப்போது தப்பாகும், எந்தப் பக்கம் தப்பாகும், அதை எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைத்தான் நீங்கள் பழக வேண்டும். திருத்துவதற்கு பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு பட்டன் அல்லது டயல் இருக்கிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள், அதாவது படத்தில் விழும் ஒளியளவைத் திருத்துவது. முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் கவனமெல்லாம் அதன் மேலேயே இருக்கட்டும் என்பது என் ஆலோசனை.

அதற்கு முன் 'ஸ்டாப்' என்ற அளவு மனதில் பதிய வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. 1/125 வினாடியிலிருந்து 1/60-க்குப் போனால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. எஃப்/8-லிருந்து எஃப்/5.6-க்கு வந்தாலும், ஐஎஸ்ஓ 100-லிருந்து 200-க்குப் போனாலும் அதே ஒரு ஸ்டாப்தான். பெரும்பாலான கேமராக்களில் டயல் மூன்று 'க்ளிக்' நகர்ந்தால் ஒரு ஸ்டாப் என்று அமைத்திருப்பார்கள். எஃப் எண் ஏன் தலைகீழாகப் போகிறது என்று பலர் கேட்பதுண்டு. லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மில்லிமீட்டரில் குறித்திருக்கும் எண்) அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/8 என்றால் துவாரம் 6.25 மில்லிமீட்டர், எஃப்/4 என்றால் 12.5. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் கூடும். எஃப்/4-க்கும் எஃப்/8-க்கும் நடுவில் எஃப்/5.6 வருவது அதனால்தான்.

சரி, ஏன் எஃப்/8? அருகில் இருக்கும் பாறையும் தொலைவில் இருக்கும் மலையும் சேர்ந்து தெளிவாக வர வேண்டும் என்பதால் துவாரத்தைக் கொஞ்சம் சுருக்க வேண்டும். அதற்காக எஃப்/22 வரை போனால் இன்னும் தெளிவு கூடும் என்று தோன்றும். ஆனால் அப்படிக் கூடுவதில்லை. சின்ன துவாரம் வழியாகப் போகும் ஒளி விரிந்து பரவும். எஃப்/8-ல் ஒரு ஒளிப்புள்ளி, கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரில் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்துக்கு விழும், எஃப்/22-ல் அதுவே 30 மைக்ரானுக்குப் பரவிவிடும். உங்கள் லென்ஸ் வகைக்குரிய, ஏபிஎஸ்-சி என்ற அளவுள்ள சென்சார் 24 மெகாபிக்சல் என்றால் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 4 மைக்ரான்தான். ஒரு பிக்சலில் நிற்க வேண்டிய விவரம் ஏழு பிக்சலுக்குப் பூசப்பட்டால் படம் முழுவதும் ஒரு மென்மை படர்ந்துவிடும். 1932-இல் கலிஃபோர்னியாவில் ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் போன்ற புகைப்படக்காரர்கள் சேர்ந்து தங்கள் குழுவுக்கு 'எஃப்/64' என்றே பெயர் வைத்தார்கள். அவர்கள் வைத்திருந்தவை பெரிய தகட்டுக் கேமராக்கள். ஒரு பக்கம் எட்டு அங்குலம், இன்னொரு பக்கம் பத்து அங்குலம் இருக்கும் நெகட்டிவில் இந்தப் பரவல் ஒரு பொருட்டில்லை. நம் சின்ன சென்சாரில் எஃப்/11 வரை போவதில் பயமில்லை. அதற்கு மேல் தேவையிருந்தால் மட்டும் போங்கள்.

எங்கே ஃபோகஸ் செய்வது என்பது எக்ஸ்போஷர் கேள்வி இல்லைதான். ஆனாலும் அபெர்ச்சரோடு ஒட்டியே வருவதால் ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் லென்ஸை 18-ல் வைத்து, எஃப்/8-ல், சுமார் 2 மீட்டர் தொலைவில் இருக்கும் ஒன்றின் மேல் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் இருக்கும். பெரிதாக அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோகஸை இன்னும் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

ஐஎஸ்ஓ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேமராவின் அடிப்படை அளவிலேயே வையுங்கள். பலவற்றில் அது 100, சிலவற்றில் 64 அல்லது 200. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே இருக்கும் பெரிய வித்தியாசத்தை சென்சார் அதிகம் தாங்குவது அந்த அளவில்தான். ஆனால் ஒரு கண்ணியைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் இதில் நான் பல நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவலில் வைத்தால் எல்லாம் நம் கட்டுப்பாட்டில் வந்துவிடும் என்று நினைத்து ஷட்டரை மாற்றி மாற்றிப் பார்ப்போம், படத்தின் வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். காரணம், ஆட்டோ ஐஎஸ்ஓ அணைக்கப்படாமல் இருப்பதுதான். நாம் ஷட்டரில் ஒரு ஸ்டாப் குறைத்தால் கேமரா சத்தமில்லாமல் ஐஎஸ்ஓ-வில் ஒரு ஸ்டாப் ஏற்றிவிடும். அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

இப்போது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வருவோம். உங்கள் வெளுத்த வானமும் இருண்ட நிலமும் பிறக்கும் இடம் இதுதான். கேமராவுக்கு மலை தெரியாது, மேகம் தெரியாது. அதற்குள் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொள்கிறது. இன்றைய மீட்டர்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன என்றாலும் அடிப்படைச் சாய்வு அதே சாம்பலின் பக்கம்தான். காட்சி நிஜமாகவே பல நிறங்கள் கலந்ததாக இருந்தால் கணக்கு சரியாக வரும். பனி மூடிய சரிவைக் காட்டினால் "இவ்வளவு வெளிச்சமா, குறைத்துவிடுவோம்" என்று கேமரா குறைத்துவிடும். வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக வரும். மூடுபனி, வெண்மணல், மேகமூட்டமான வெள்ளை வானம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மழையில் நனைந்த கரும்பாறையையோ அடர்ந்த காட்டின் உட்புறத்தையோ காட்டினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்பு சாயம்போன துணி மாதிரி ஆகிவிடும்.

ஆகவே வெள்ளை அதிகம் இருந்தால் பிளஸ், கறுப்பு அதிகம் இருந்தால் மைனஸ். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். வெளிச்சம் அதிகம் இருக்கும் இடத்தில் குறைக்கத்தானே வேண்டும் என்று மனது சொல்லும். அந்தக் குறைக்கும் வேலையைக் கேமரா ஏற்கெனவே அளவுக்கு மீறிச் செய்துவிட்டது என்பதை நினைவில் வைத்தால் போதும். பனிக்கு பிளஸ் 1 முதல் 2 வரை, மூடுபனிக்கு பிளஸ் 1 அளவில், கரும்பாறைக்கு மைனஸ் 1 என்று தொடங்கிப் பாருங்கள். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. முடிவைச் சொல்வது ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம்.

கேமராவின் பின்திரையை நம்பாதீர்கள். வெயிலில் அது இருட்டாகத் தெரியும், படத்தைக் கூடுதல் வெளிச்சமாக எடுத்துவிடுவீர்கள். அந்தி மங்கிய பிறகு அதே திரை பளிச்சென்று தெரியும், படம் அருமையாக வந்திருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கரியாக இருக்கும். ஹிஸ்டோகிராம் அப்படி ஏமாற்றாது. இடது ஓரம் முழுக் கறுப்பு, வலது ஓரம் முழு வெள்ளை, நடுவில் எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்று காட்டும் குன்றுகள். குன்று இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மூடுபனிப் படத்தில் நடுவில் ஒரே ஒரு குறுகிய மேடு இருக்கும். எதிர்வெளிச்சத்தில் மரத்தின் நிழலுருவை எடுத்தால் இரண்டு ஓரங்களிலும் இரண்டு மேடுகள் இருக்கும். இரண்டுமே சரியான படங்கள்தான். நீங்கள் பார்க்க வேண்டியது வலது சுவரை. குன்று அங்கே மோதி உயர்ந்து நின்றால் மேகத்தின் விவரம் போய்விட்டது என்று அர்த்தம். போனது போனதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலில் ஒளிந்திருக்கும் விவரம் அப்படியில்லை. கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பாக, அடிப்படை ஐஎஸ்ஓ-வில் எடுத்திருந்தால் இன்றைய சென்சார்களில் இரண்டு, மூன்று ஸ்டாப் வரை நிழலைத் தூக்கிவிடலாம்.

அதனால் ரா-வில் எடுங்கள். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான் வைத்துக்கொள்ளும். 14 பிட் ரா 16,384 படிகள் வைத்துக்கொள்ளும். நிழலைத் தூக்கும்போதும் வானத்தை அடக்கும்போதும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரா-வில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் அதற்குள் உருவாகும் ஜேபெக்கிலிருந்து வருவது. ஆகவே நிஜத்தில் வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும். பட அமைப்பை 'நியூட்ரல்' போன்ற மென்மையான ஒன்றில் வைத்தால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குக் கொஞ்சம் நெருங்கி வரும்.

இன்னொரு நுணுக்கம். பலர் கவனிக்காமல் விடுவதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். சூரியன் மறையும்போது சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பாகவே சுவரைத் தொட்டுவிடும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும். வீட்டில் வந்து திறந்தால் ஆரஞ்சு வானம் தட்டையான மஞ்சளாகக் கிடக்கும், மேகத்தின் மடிப்புகள் காணாமல் போயிருக்கும். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருக்கிறதா என்று தேடி, அதை இயக்கி வையுங்கள். வெளுத்த இடங்கள் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும் எச்சரிக்கை வசதியையும் இயக்குங்கள். எங்கே போயிற்று என்று அது இடத்தோடு காட்டும். காட்சிக்குள் சூரியனே இருந்தால் அது சிமிட்டத்தான் செய்யும், தண்ணீரில் தெறிக்கும் ஒளிப்பொட்டுகளும் சிமிட்டும். அவற்றுக்காகப் படம் முழுவதையும் இருட்டாக்க வேண்டாம். மேகம் சிமிட்டினால் குறையுங்கள்.

இதைப் படித்துவிட்டு எப்போதும் மைனஸ் 2-ல் வைத்துக்கொள்வதும் சரியில்லை. நிழலில் விழும் ஒளி ஏற்கெனவே குறைவு. அதை மேலும் குறைத்துவிட்டுப் பிறகு தூக்கினால் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். வலது சுவரில் மோதாமல், ஆனால் அதற்கு எவ்வளவு அருகே போக முடியுமோ அவ்வளவு அருகே. நான் பின்பற்றுவது இதைத்தான்.

1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டெஸ் என்ற சிற்றூரைக் கடந்து போகும்போது, ஆன்செல் ஆடம்ஸ் சாலையோரம் காரை நிறுத்தினார். மேலே நிலவு, கீழே கல்லறைச் சிலுவைகளின் மேல் சூரியனின் கடைசி வெளிச்சம். அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிச்செறிவு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் பழைய அலகு) என்பது அவருக்கு நினைவில் இருந்தது. அதிலிருந்து எக்ஸ்போஷரைக் கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெளிச்சம் போய்விட்டது. அந்த ஒரு நெகட்டிவ்தான் அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்றானது. சட்டகத்துக்குள் இருந்த மிகப் பிரகாசமான முக்கியப் பொருளை முதலில் காப்பாற்றினார், மற்றதை இருட்டறையில் பார்த்துக்கொண்டார். நாம் ஹிஸ்டோகிராமின் வலது சுவரைப் பார்ப்பதும் அதே யோசனைதான்.

சில காட்சிகளில் வானத்துக்கும் நிலத்துக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் எந்த சென்சாருக்கும் அடங்காது. நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் நிழலைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேமராவுக்கு ஒரே பார்வைதான். இந்தச் சிக்கல் புகைப்படக்கலையோடு பிறந்தது. 1850-களில் பயன்பட்ட, கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டியதால் வானம் எப்போதும் வெளுத்துவிடும். பிரான்சைச் சேர்ந்த புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ க்ரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இன்று பிராக்கெட்டிங் என்று நாம் செய்வதும் இதுவே. முக்காலியில் கேமராவை நிறுத்தி, மைனஸ் 2, பூஜ்யம், பிளஸ் 2 என்று மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுத்துப் பிறகு இணைப்பது. இதைத் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் இதிலிருந்து தொடங்க வேண்டாம். காற்றில் ஆடும் மரக்கிளைகள் மூன்று படங்களிலும் மூன்று இடத்தில் இருக்கும், இணைக்கும்போது பேய் உருவம் மாதிரி தெரியும். நண்பகலை விட்டுவிட்டு, சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோ நின்று எடுத்துப் பாருங்கள். அப்போது வானமும் நிலமும் ஒரே சட்டகத்துக்குள் தாமாகவே அடங்கிவிடுகிற நாட்கள் நிறைய உண்டு.

ஷட்டரைக் கேமராவிடம் விட்டுவிடலாம் என்றேன். அதில் இரண்டு விதிவிலக்குகள். முதலாவது, கையில் பிடித்து எடுக்கும்போது வரும் அதிர்வு. ஏபிஎஸ்-சி கேமராவில் குவியத் தூரத்தை ஒன்றரையால் பெருக்கி, ஏறக்குறைய அத்தனையில் ஒரு பங்கு வினாடி அல்லது அதைவிட வேகமாக ஷட்டர் இருக்கும்படி பாருங்கள். 18-ல் 1/30, 55-ல் 1/80. லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் இதைவிட மெதுவாகவும் போகலாம். அதற்கும் கீழே போனால் முக்காலி தேவை. முக்காலியில் வைத்ததும் அந்த நடுக்கத் தடுப்பை அணைப்பதும், 2 வினாடி டைமரில் எடுப்பதும் நல்ல பழக்கம், ஏனென்றால் பட்டனை அழுத்தும் விரலே கேமராவை அசைத்துவிடும்.

இரண்டாவது விதிவிலக்கு, காட்சிக்குள் அசையும் பொருள். காற்றில் ஆடும் புல் தெளிவாக நிற்க வேண்டுமென்றால் 1/250 போல வேண்டியிருக்கும். அப்போது தயங்காமல் ஐஎஸ்ஓ-வை 400-க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் இரைச்சல் இருப்பது, புல் முழுவதும் கலங்கிப்போவதைவிட எவ்வளவோ மேல். அருவியில் இதற்கு எதிர்த்திசையில் போகலாம். 1/500-ல் துளிகள் உறைந்து நிற்கும். கால் வினாடியிலிருந்து ஒரு வினாடிக்குள் நீர் பட்டு மாதிரி இழைகளாகும். எனக்குப் பிடித்தது கால் வினாடிப் பக்கம், அதில் நீரின் வேகமும் கனமும் இன்னும் மிச்சமிருக்கும். அரை நிமிடம் திறந்து வைத்தால் எல்லா அருவியும் ஒரே வெள்ளைப் புகையாகிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் இவ்வளவு மெதுவாகப் போக முடியாவிட்டால் லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் உதவும். 6 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும், 10 ஸ்டாப் ஃபில்டர் ஏறக்குறைய 1000-இல் ஒரு பங்காக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/30 என்று மீட்டர் சொன்னால், 10 ஸ்டாப் மாட்டியதும் 30 வினாடிக்குச் சற்று மேல். இப்போதைக்கு இது வாங்க வேண்டிய பொருள் இல்லை. முதலில் முக்காலி.

பழகுவதற்கு நான் சொல்லும் பயிற்சி இது. ஒரே ஒரு மரம், அதன் பின்னால் கொஞ்சம் வானம். எஃப்/8, ஐஎஸ்ஓ 100. காம்பன்சேஷனை மைனஸ் 2-லிருந்து பிளஸ் 2 வரை ஒவ்வொரு ஸ்டாப்பாக மாற்றி ஐந்து படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றின் ஹிஸ்டோகிராமும் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். அதே மரத்தைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று நேரங்களிலும், முடிந்தால் மேகமூட்டமான ஒரு நாளிலும் எடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒரு சின்ன மாற்றம்: பட்டனை அழுத்துவதற்கு முன், "இந்தக் காட்சிக்கு மீட்டர் எந்தப் பக்கம் தப்பும், எவ்வளவு தப்பும்?" என்று மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து எடுத்துவிட்டு ஹிஸ்டோகிராமில் சரிபாருங்கள். முதல் நாட்களில் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் விலகும். போகப்போக அது குறையும்.

கேமரா சொல்லும் எண் நம்பும்படி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு பழைய வழியும் உண்டு. தெளிவான வெயிலில், வெயில் நேராக விழும் பொருளுக்கு எஃப்/16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ-வின் தலைகீழ் எண்ணாக இருக்கும். ஐஎஸ்ஓ 100-க்கு 1/100. எஃப்/8-க்கு மாற்றினால் இரண்டு ஸ்டாப் கூடுவதால் 1/400. நல்ல வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100-ல் உங்கள் கேமரா 1/100 என்று காட்டினால், முந்தைய நாள் வைத்த பிளஸ் 2 இன்னும் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முழு மேனுவல் எப்போது? பக்கம் பக்கமாகப் பல படங்கள் எடுத்து ஒரே அகலப் படமாக ஒட்டும்போது கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் கேமரா புதுக் கணக்குப் போட்டு, வானத்தில் பட்டை பட்டையாக வித்தியாசம் தெரியும். 30 வினாடிக்கு மேல் திறந்து வைக்கும்போதும், இரவு வானத்துக்கும் வேண்டும். மற்ற நேரங்களில் 'ஏ'யும் காம்பன்சேஷனும் மேனுவல் தரும் அதே படத்தையே தரும். சூரியன் மறைந்துகொண்டிருக்கும்போது வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் விழும் என்பதால், கணக்கின் ஒரு பாதியைக் கேமரா பார்த்துக்கொள்வது பெரிய உதவி.

ஒவ்வொரு முறையும் கேமராவைப் பையில் வைப்பதற்கு முன் காம்பன்சேஷனைப் பூஜ்யத்துக்கும் ஐஎஸ்ஓ-வை 100-க்கும் திருப்பி, அணைத்த நடுக்கத் தடுப்பை மறுபடி இயக்கி வையுங்கள். மறுநாள் விடியலில் அவசரமாக எடுக்கும் முதல் படம் சரியாக அமைய அது போதும்.